எட்டாயிரம் மீட்டருக்கு மேலே: மிக உயர்ந்த மலைகளில் ஏறுவதன் ஆபத்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமயமலைச் சிகரங்களில் ஏற வேண்டும் என்ற ஆசை நம்மவரிடையே வளர்ந்துவருகிறது. 2023 மே மாதம் முத்தமிழ்ச்செல்வி, தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் பெண்ணானபோது அந்த மகிழ்ச்சியில் நாம் எல்லோரும் பங்குகொண்டோம். ஆனால் உச்சியில் கொடியுடன் எடுக்கும் படத்தில் தெரியாதவை பல உண்டு. ஏறும் ஆசையோடு இருப்பவர்களும், பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நூறாண்டுகளாகப் பதிவுகள் உள்ள மலை என்பதால் எவரெஸ்டே பெரும்பாலும் எடுத்துக்காட்டாக வரும்.

எவ்வளவு உயரத்தை ‘மிக உயரம்’ என்கிறோம்?

தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர். மலைநோய் பற்றிய மருத்துவக் கணக்கு ஏறத்தாழ அந்த உயரத்தில், அதாவது 2,500 மீட்டரில்தான் தொடங்குகிறது. 3,500 மீட்டரைத் தாண்டினால் மிக உயரம் என்றும், 5,500 மீட்டரைத் தாண்டினால் அதீத உயரம் என்றும் மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். இந்த இரண்டாவது கோட்டுக்கு மேல் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் ஊர் உலகில் எங்கும் இல்லை. 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் மொத்தம் 14. அனைத்தும் இமயமலையிலும் காரகோரத்திலும் உள்ளன. அவற்றில் உயர்ந்தது 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட்.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது என்பது சரியா?

பாதி சரி. எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெரினாவில் உள்ளதைப் போலவே ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். 1981இல் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பிட்சோ உச்சியில் நின்று அளந்தபோது அழுத்தம் பாதரச அளவில் 253 மில்லிமீட்டராக இருந்தது. கடல்மட்டத்தில் அது 760. ஆகவே அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நாம் கீழே பெறும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது.

உடலுக்குள் அது எப்படித் தெரிகிறது என்பதை 2007இல் பிரிட்டன் மருத்துவர்கள் தம்மையே வைத்துச் சோதித்தார்கள். உச்சியிலிருந்து இறங்கும் வழியில், 8,400 மீட்டர் உயரத்தில், உறைகுளிரில் உடையைத் திறந்து தொடையின் தமனியில் ஊசி போட்டு நால்வர் இரத்தம் எடுத்துக்கொண்டனர். அந்தக் குப்பிகளை, இமயமலையில் சுமை தூக்கியும் வழிகாட்டியும் உதவும் நேபாள மலைவாழ் இனத்தவரான ஷெர்பா ஒருவர் 6,400 மீட்டரில் இருந்த ஆய்வுக் கூடாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்த்தார். நலமாக உள்ள ஒருவரின் தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 80 முதல் 100 வரை இருக்க வேண்டும்; அந்த நால்வரின் சராசரி 24.6. மருத்துவமனையில் ஒருவருக்கு இந்த எண் வந்தால் அவரை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவார்கள். அந்த நால்வரோ நடந்துகொண்டிருந்தார்கள். பல வாரங்கள் உடலைப் பழக்கிய பிறகே அவர்களால் அது முடிந்தது.

‘மரண மண்டலம்’ என்பது செய்தித்தாள் மிகைப்படுத்தலா?

இல்லை. ஏறத்தாழ 8,000 மீட்டருக்கு மேல் எத்தனை நாள் தங்கினாலும் உடல் அந்த உயரத்துக்குப் பழகாது, தேய்ந்துகொண்டே போகும். பசி அற்றுப்போகும், உண்டது செரிக்காது, உறங்க முயன்றால் மூச்சு நின்று நின்று வந்து திடுக்கிட்டு எழுப்பும். நீர் வேண்டுமானால் பனியைப் பெயர்த்து அடுப்பில் உருக்க வேண்டும். உச்சியின் உயரத்தில் நீர் 70 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். ஒரு குடுவை நிறைய நீர் உருக்க நெடுநேரம் ஆவதால், களைத்தவர்கள் குடிக்காமலே படுத்துவிடுவதுண்டு. நீர் குறைந்த உடலில் இரத்தம் இன்னும் தடித்து விரல்நுனிகளுக்குப் போகாமல் நிற்கிறது. இப்படி ஒரு குறை இன்னொன்றை இழுத்துவருவதால், அங்கே ஆபத்தை உயரத்தால் மட்டும் அளக்காமல் நேரத்தாலும் அளக்க வேண்டும் என்பதே நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது. மேலே கழியும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் ஏறுகிறது.

விதிவிலக்காக வாழ்ந்தவர்களும் உண்டு. பாபு சிரி ஷெர்பா 1999இல் எவரெஸ்ட் உச்சியில் கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் 21 மணி நேரம் தங்கினார். அவரே 2001இல், அதைவிட மிகத் தாழ்வான இரண்டாம் முகாமின் அருகே பனிப்பிளவுக்குள் விழுந்து இறந்தார்.

மலைநோய் என்பது என்ன? எந்த அறிகுறிக்கு அஞ்ச வேண்டும்?

மூன்று வகைகள் உண்டு. தலைவலியோடு குமட்டலும் அசதியும் தூக்கமின்மையும் சேர்ந்துவருவது முதல் வகை. மேலே ஏறாமல் ஓரிரு நாள் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணியும். நுரையீரலில் நீர் கோர்ப்பது இரண்டாவது வகை. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், பிறகு நுரைத்த சளியில் இரத்தச் சாயல் தெரியும், படுத்தால் நெஞ்சில் நீர் கொப்பளிப்பது போன்ற ஒலி கேட்கும். மூன்றாவது மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், எளிய கேள்விக்கு விடை வராது. இரண்டாவதும் மூன்றாவதும் கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் உயிரைக் கொண்டுபோகக்கூடியவை.

மூளை வீக்கத்தைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டாம். தரையில் ஒரு நேர்கோடு கீறி, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி அடிமேல் அடிவைத்து நடக்கச் சொல்லுங்கள். குடித்தவரைப் போல் தள்ளாடினால், அவர் எவ்வளவுதான் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும், நள்ளிரவானாலும், உடனே கீழே இறக்க வேண்டும். ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று படுக்கவைத்தவர்கள் காலையில் எழாமல் போனதுண்டு.

இந்த நோயைப் பற்றிய அறிவுக்கு இந்தியப் படைவீரர்கள் பட்ட துன்பம் பெரும் பங்களித்தது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து நேரடியாக மிக உயர்ந்த எல்லைக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் பெருந்தொகையில் நோய்வாய்ப்பட்டனர். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் உலக மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் அடிப்படை ஆவணம்.

நான் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். எனக்கும் மலைநோய் வருமா?

வரும். உடல்வலிமைக்கும் மலைநோய்க்கும் தொடர்பு மிகக் குறைவு. வலிமையுள்ள இளைஞர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கு ஆபத்து சற்றுக் கூடவும் செய்யலாம். முன்பு ஒருமுறை வராதது மறுமுறை வராது என்பதற்கும் உறுதியில்லை.

உடலை எப்படிப் பழக்குவது?

3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும். பகலில் உயர ஏறி இரவில் தாழ இறங்கி உறங்குவது மலையேறுநரின் பழைய வழக்கம். எவரெஸ்டில் 5,364 மீட்டரில் உள்ள அடிவார முகாமிலிருந்து முதலாம், இரண்டாம், மூன்றாம் முகாம்கள்வரை போய்ப்போய்த் திரும்புவது இதற்காகத்தான். உடல் மெல்ல மெல்லச் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும், மூச்சின் வேகத்தை மாற்றிக்கொள்ளும். விடுப்பு இத்தனை நாள்தான், விமானச்சீட்டு இந்தத் தேதிக்குத்தான் என்று நெருக்குவது பயன் தராது.

அசெட்டசோலமைடு, டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் ஆகிய மருந்துகள் இந்த நோய் வகைகளுக்கு உதவுகின்றன. எதை, எப்போது, எவ்வளவு என்பதைப் புறப்படும் முன்பே உங்கள் உடல்நிலை அறிந்த மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்துகள் இறங்குவதற்கு அவகாசம் தருபவை. இறங்குவதற்குப் பதிலாக மருந்தை விழுங்கி மேலே ஏறுவது தற்கொலைக்கு ஒப்பானது.

ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் பாதுகாப்புத்தானே?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எவரெஸ்டில் பரவலாகப் பயன்படும் 4 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,200 லிட்டர் ஆக்சிஜன் அடைத்திருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்தால் 10 மணி நேரம் வரும். 4 லிட்டர் வீதம் திறந்தால் 5 மணி நேரம்தான். நான்காம் முகாம் உள்ள தெற்குக் கணவாயிலிருந்து இரவில் புறப்பட்டு உச்சிக்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஆகக்கூடும். வழியில் வரிசை நின்றால், நீங்கள் ஓர் அடிகூட ஏறாமலே சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கும். முகமூடியின் வால்வில் மூச்சின் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு, கீழே ஒளித்துவைத்த மாற்றுச் சிலிண்டர் இல்லாமல்போவதும் உண்டு.

சிலிண்டரின் உண்மையான ஆபத்து அது திடீரென்று தீர்வதுதான். கூடுதல் ஆக்சிஜனை நம்பி ஒரு மனிதர் தம் உடலால் தாங்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டிருப்பார். அது நின்ற கணத்தில் அவர் அங்கே ஆதரவற்று நிற்பார். 1978 மே 8 அன்று ரெய்னோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹபேலரும் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் ஏறிக் காட்டியது உண்மை. ஆனால் அவ்வாறு ஏறக்கூடிய உடல் மிகச் சிலருக்கே வாய்க்கிறது.

உச்சியைத் தொட்டபிறகு இறங்கும்போதுதான் அதிகம் பேர் இறக்கிறார்களாமே, ஏன்?

1921 முதல் 2006 வரை எவரெஸ்டில் நேர்ந்த 212 இறப்புகளை ஆராய்ந்த மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட முடிவு அதுதான். 8,000 மீட்டருக்கு மேல் இறந்த ஏறுநர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உச்சியிலிருந்து இறங்கும் வழியில் இறந்திருந்தனர். இறந்தவர்கள் பலரிடம், இறப்பதற்கு முன்பே, அளவுக்கு மீறிய களைப்பும் மனக்குழப்பமும் தள்ளாட்டமும் தெரிந்திருந்தன. பலர் தம் குழுவினரைவிடப் பின்தங்கித் தாமதமாக உச்சியை அடைந்தவர்கள்.

காரணம் விளங்காத ஒன்றல்ல. முந்தின நாள் பகலிலிருந்தே உறங்காமல், கிட்டத்தட்ட உண்ணாமல், பன்னிரண்டு மணி நேரம் ஏறி உச்சிக்கு வந்தவருக்கு அங்கே நிற்கும்போது பயணத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. ஆசை நிறைவேறியதும் மனத்தின் பிடி தளர்கிறது. வெயில் சாய்கிறது, காற்று எழுகிறது, சிலிண்டர் காலியாகிறது. இறங்குகையில் உடலின் எடை முன்னே இழுக்க, பூட்ஸில் மாட்டிய இரும்பு முள்தகடு ஒரு கல்லில் தட்டினாலும் போதும். இன்னொன்றும் உண்டு. ஆக்சிஜன் குறைந்த மூளைக்குத் தன் தீர்ப்பு கெட்டுவிட்டது என்பதே தெரியாது. கயிற்றில் கொக்கியை மாட்டாமலே மாட்டிவிட்டதாக நம்பும். உட்கார்ந்தால் இதமாக இருக்கிறது, சற்றுக் கண்ணயரலாம் என்று சொல்லும்.

1996 மே 10 அன்று நடந்தது இதற்கு நன்கறிந்த சான்று. பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை அடையாதவர்கள் திரும்பிவிட வேண்டும் என்பது பொதுவான எல்லை. அதைக் கடந்தும் பலர் ஏறிக்கொண்டே இருந்தனர். நியூசிலாந்தின் புகழ்பெற்ற வழிகாட்டி ராப் ஹால், தம் வாடிக்கையாளர் ஒருவரோடு உச்சியில் நின்றபோது மணி நான்கைத் தொட்டிருந்தது. மாலையில் பனிப்புயல் சூழ்ந்தது. அன்றும் மறுநாளும் எட்டுப் பேர் இறந்தனர். அவர்களில் மூவர் வடக்குப் பக்கத்திலிருந்து ஏறிய இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள். ராப் ஹால் அதற்கு முன் நான்கு முறை எவரெஸ்ட் உச்சியை அடைந்தவர். விதி தெரியாதவர் அல்லர். மற்றவர்களுக்கு அந்த விதியைக் கற்பித்தவர். எனவே திரும்பும் நேரத்தைக் கீழே, தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே முடிவு செய்து, அதை மாற்றும் உரிமை மேலே இருக்கும் தமக்கு இல்லை என்று ஏறுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அனுபவம் மிகுந்தவர்களுக்கு ஆபத்து குறைவுதானே?

குறைவுதான்; இல்லாமல்போவதில்லை. 8,000 மீட்டர் சிகரங்கள் பதினான்கையும் ஏறி முடித்த இரண்டாவது மனிதரான போலந்தின் யெர்ஸி குகுச்கா, 1989 அக்டோபரில் லோட்சே சிகரத்தின் தெற்கு முகத்தில் விழுந்தபோது, காத்மாண்டு சந்தையில் வாங்கிய பழைய, மெல்லிய கயிறு அறுந்து உயிரிழந்தார். நேபாளத்திலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் பசாங் லாமு ஷெர்பா 1993இல் உச்சியைத் தொட்டு இறங்கும்போது இறந்தார்.

பனிக்கடி என்றால் என்ன? விரல்களை இழப்பது எப்படி நிகழ்கிறது?

குளிரில் உடல் தன் மையத்தைக் காக்க விரல்களுக்கும் மூக்குக்கும் காதுக்கும் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. பிறகு அங்குள்ள தசையில் நீர் உறைந்து பனிப்பளிங்காகிறது. முதலில் சுள்ளென்று வலிக்கும், பின்பு மரத்துப்போகும். வலி நின்றதும் ‘சரியாகிவிட்டது’ என்று எண்ணுவதுதான் கொடிய தவறு. தோல் மெழுகு போல் வெளிறி, தட்டினால் மரக்கட்டை போல் இருக்கும். ஓரிரு நாளில் கொப்புளம் எழும்பி, சில வாரங்களில் அது கறுத்துச் சுருங்கி உயிருள்ள பகுதியிலிருந்து தானே பிரியும்.

1950இல் அன்னபூர்ணாவில், மனிதர் முதன்முதலாக 8,000 மீட்டர் சிகரம் ஒன்றை அடைந்தபோது, மொரீஸ் எர்சோக் இறங்கும் வழியில் கையுறைகளைத் தவறவிட்டார். மாற்றாகப் பையில் இருந்த காலுறைகளைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கைவிரல்களையும் கால்விரல்களையும் இழந்தார். உறையும் குளிரோடு மந்தமான மூளையும் சேர்ந்தால் ஒரு சிறு தவறின் விலை அவ்வளவு.

பனிக்கடி பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. பனியால் தேய்ப்பது என்ற பழைய பழக்கம் முற்றிலும் தவறு. மீண்டும் உறைய வாய்ப்புள்ள இடத்தில் அதை உருக்கவும் கூடாது. உருகி மறுபடி உறைந்த தசை பிழைப்பதில்லை. பாதுகாப்பான இடம் சேர்ந்தபின் 37 முதல் 39 பாகை வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். அப்போது எழும் வலி கடுமையானது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள்.

பனிச்சரிவிலிருந்து தப்ப வழி உண்டா?

திறமையால் தப்பக்கூடிய ஆபத்தும் உண்டு, எவ்வளவு திறமை இருந்தாலும் தப்ப முடியாத ஆபத்தும் உண்டு. பனிச்சரிவு பெரும்பாலும் இரண்டாவது வகை. செய்யக்கூடியதெல்லாம், சரியக்கூடிய இடத்தில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான். வெயில் ஏறுமுன் கடப்பது, புதுப்பனி பெய்தபின் காத்திருப்பது, சரிவின் நேர்கீழே முகாம் போடாமலிருப்பது ஆகியவை அதற்கான வழிகள்.

2008 ஆகஸ்ட் 1 அன்று 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 சிகரத்தின் ‘பாட்டில்நெக்’ என்னும் குறுகிய வழிக்கு மேலே தொங்கிய பனிப்பாறை உடைந்து, இறங்குவதற்கான கயிறுகளை அறுத்துச் சென்றது. அன்றும் மறுநாளும் 11 பேர் இறந்தனர். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டில், 5,670 மீட்டர் உயரமே உள்ள திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில் பயிற்சிக்குச் சென்ற நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவே இல்லை.

நம் வீடுகளுக்கு நெருக்கமான நினைவு 2016 பிப்ரவரி 3. சியாச்சினில் ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் இருந்த காவல்நிலை பனிச்சரிவில் புதைந்து, மதராஸ் படைப்பிரிவின் முகாமில் இருந்த 10 பேர் உயிரிழந்தனர். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான கர்நாடக வீரர் ஹனுமந்தப்பா, ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டியெடுக்கப்பட்டும் தில்லி மருத்துவமனையில் சில நாளில் இறந்தார். விளையாட்டுக்காக அல்ல, கடமைக்காக அந்த உயரத்தில் நின்றவர்கள் அவர்கள்.

இந்த ஆபத்தில் ஷெர்பாக்களின் பங்கு எவ்வளவு?

மற்றவர்கள் நினைப்பதைவிட அதிகம். எவரெஸ்டின் தெற்குவழியில் அடிவார முகாமைத் தாண்டியதும் கும்பு பனியருவி வருகிறது. பனியாறு செங்குத்தாக உடைந்து, வீடளவு பனிப்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இடம். பனி நாளும் நகர்வதால் பிளவுகளின் மேல் போட்ட அலுமினிய ஏணிகளை அடிக்கடி மாற்றிக் கட்ட வேண்டும். வெயிலில் இளகுமுன் கடக்க வேண்டும் என்பதால் நள்ளிரவுக்குப் பின் தலைவிளக்கோடு நடக்கிறார்கள். காசு கொடுத்து ஏறுபவர் இந்தப் பனியருவியைச் சில முறைதான் கடப்பார். அவருடைய கூடாரம், உணவு, அடுப்பு, சிலிண்டர் அனைத்தையும் முதுகில் சுமந்து ஷெர்பாக்கள் ஒரே பருவத்தில் பல முறை கடக்கிறார்கள்.

2014 ஏப்ரல் 18 காலை, மலையின் மேற்குத் தோளிலிருந்து உடைந்த பனிப்பாறை அந்தப் பாதையில் விழுந்து 16 பேரைக் கொன்றது. 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். நேபாள அரசு உடனடி உதவியாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் அறிவித்தது 40,000 நேபாள ரூபாய். கொதித்தெழுந்த ஷெர்பாக்கள் அந்தப் பருவத்தில் மலையேற மறுத்தனர். பிறகே காப்பீட்டுத் தொகை உயர்ந்தது. ஷெர்பாக்களின் உடல் தலைமுறைகளாக உயரத்துக்கு இசைந்தது உண்மை. மேலே மிகக் குறைந்த ஆக்சிஜனில் அவர்கள் நம்மைவிட நன்றாக இயங்குகிறார்கள். ஆனால் விழும் பனிப்பாறைக்கு அந்த வேறுபாடு தெரியாது. மலையேறத் திட்டமிடும் ஒவ்வொருவரும் தம் ஆசைக்காக எத்தனை பேர் எத்தனை முறை அந்தப் பனியருவியைக் கடக்கப்போகிறார்கள் என்று கணக்கிட வேண்டும்.

வானிலையை முன்கூட்டியே அறிய முடிகிறதே, பிறகு ஏன் புயலில் சிக்குகிறார்கள்?

முன்னறிவிப்பு இன்று மிக நன்றாக உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி எவரெஸ்ட் உச்சியை உயர்வளிமண்டலத்தின் கடுங்காற்று அறைந்துகொண்டிருக்கும். பருவமழைக்கு முன், மே நடுவில், அது சில நாள் விலகும். அந்தச் சில நாளை நம்பியே எல்லோரும் ஏறுகிறார்கள். தவறு பெரும்பாலும் அறிவிப்பைக் கேட்டும் ‘எப்படியும் போய்விடலாம்’ என்று நினைப்பதிலும், அறிவிப்பு கடைசி மனிதர்வரை சேராததிலும் நேர்கிறது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரைகடந்த ஹுத்ஹுத் புயலின் எச்சம் வடக்கே போய், இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும்பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரமுள்ள தொரோங் கணவாயையும் அதன் சுற்றுப்புறத்தையும் கடந்துகொண்டிருந்த நடைப்பயணிகள், வழிகாட்டிகள், சுமையாட்கள் என 40க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். வங்கக்கடல் புயலைப் பற்றி ஆந்திரக் கரை முழுவதும் எச்சரிக்கை ஒலித்தது; அந்தக் கணவாயில் இருந்தவர்களில் பலருக்கு அது எட்டவே இல்லை.

கூட்டம் ஓர் ஆபத்தா?

ஆம். 2019இல் நேபாளம் வெளிநாட்டவருக்கு 381 எவரெஸ்ட் அனுமதிகளை வழங்கியது. நல்ல வானிலை வாய்த்த நாள்கள் குறைவாக இருந்ததால் மே 22 அன்று உச்சிக்கு அருகில் நீண்ட வரிசை நின்றது. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. ஒரே கயிற்றில் அனைவரும் கொக்கி மாட்டியிருப்பதால், முன்னால் ஒருவர் தயங்கினால் பின்னால் எல்லோரும் அசையாமல் குளிரில் நிற்க வேண்டும். அந்தப் பருவத்தில் எவரெஸ்டில் 11 பேர் இறந்தனர். அனைவரும் வரிசையால் இறக்கவில்லை என்றாலும், சிலிண்டர் கணக்கை மேலே பார்த்தோமே, அந்தக் கணக்கில் இரண்டு மணி நேரக் காத்திருப்பு என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். அனுமதிக் கட்டணம் 2025 செப்டம்பரிலிருந்து 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்ந்தது. பணம் உள்ளவர்களை இது தடுக்காது. முன்னனுபவம் உள்ளவரை மட்டும் அனுமதிக்கும் விதியே பயன் தரும் என்பது என் எண்ணம்.

மேலே விழுந்துவிட்டால் ஹெலிகாப்டர் வந்து காப்பாற்றாதா?

மெல்லிய காற்றில் ஹெலிகாப்டரின் இறக்கைகளுக்குப் பிடிப்புக் குறைவு. வானிலை இசைந்தால் இரண்டாம் முகாம்வரை வந்துபோகிறார்கள். அதற்கு மேல் நீண்ட கயிற்றில் தொங்கவிட்டுத் தூக்கிய அரிய நிகழ்வுகள் உண்டு. மரண மண்டலத்தில் சிக்கியவரை மனிதர்கள்தான் சுமந்து இறக்க வேண்டும்.

2023 மே 18 அன்று கெல்ஜே ஷெர்பா சீன நாட்டவர் ஒருவரை உச்சிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார். ‘பால்கனி’ எனப்படும் இடத்தை ஒட்டி, மலேசிய ஏறுநர் ஒருவர் கயிற்றைப் பற்றியபடி நடுங்கிக்கொண்டு தனியே கிடந்ததைக் கண்டார். தம் வாடிக்கையாளரிடம் பேசி அவரைத் திரும்பச் சம்மதிக்கவைத்தார். கிடந்தவரைப் படுக்கைப் பாயில் சுற்றிக் கட்டி, பனியில் இழுக்க முடிந்த இடத்தில் இழுத்தும், முடியாத இடத்தில் முதுகில் சுமந்தும், ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் 600 மீட்டர் இறக்கித் தெற்குக் கணவாய் சேர்த்தார். அங்கே இன்னொரு ஷெர்பா கைகொடுக்க, மூன்றாம் முகாம்வரை கொண்டுவந்தனர். அங்கிருந்துதான் ஹெலிகாப்டர் தூக்கியது. ஓர் உயிருக்காக இன்னொரு மனிதர் தம் உச்சியைக் கைவிட்டதும், ஒருவர் தம் முதுகைக் கொடுத்ததும் சேர்ந்தே அது நடந்தது. இப்படி எப்போதும் நடப்பதில்லை. 2006இல் வடக்குவழியில் பிரிட்டன் நாட்டவர் ஒருவர் உயிர் ஊசலாடக் கிடந்தபோது ஏறத்தாழ 40 பேர் அவ்வழியே கடந்துபோனார்கள்.

இறந்தவர்களின் உடல்களைக் கொண்டுவர முடியுமா?

பல வேளைகளில் முடிவதில்லை. எவரெஸ்டில் இதுவரை 330க்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர்; அவர்களில் பெரும்பகுதியினர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். 1924இல் காணாமல்போன ஜார்ஜ் மல்லோரியின் உடல் 75 ஆண்டுகளுக்குப் பின் 1999இல் கண்டறியப்பட்டது. உறைந்த உடல் பனியோடு ஒட்டி இருமடங்கு கனக்கும்; அதை இறக்கப் பலர் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். 2016இல் மேற்கு வங்கத்திலிருந்து சென்று இறந்தவர்களில் இருவரின் உடல்கள் மறு ஆண்டுதான் வீடு வந்தன. புறப்படும் முன் இதைக் குடும்பத்தாரோடு மனம்விட்டுப் பேசி, உங்கள் விருப்பத்தை எழுத்தில் வைத்துவிடுங்கள். பேசத் தயங்கும் பேச்சுத்தான். ஆனால் அந்த முடிவைத் துயரத்தில் இருக்கும் தாயின் தலையில் சுமத்துவது அதைவிடக் கொடுமை.

மலையேறுநர் அல்லாத யாத்திரிகர்களுக்கும் இவை பொருந்துமா?

பொருந்தும். 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகிய முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் உள்ளது. கயிலாய வலத்தில் கடக்கும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து புறப்பட்டு விமானம், ஜீப் என்று இரண்டு மூன்று நாளில் இந்த உயரங்களுக்குப் போய்விடும் மூத்தோர், பயிற்சி பெற்ற ஏறுநரைவிட வேகமாக உயர்கிறார்கள். விமானத்தில் நேரே 3,500 மீட்டர் உயர லே நகரில் இறங்குபவர்கள் முதல் இரண்டு நாள் எங்கும் சுற்றாமல் அறையில் ஓய்வெடுக்க வேண்டும். விரதம் என்று நீர் அருந்தாமல் இருப்பதும், தலைவலியைச் சொன்னால் குழு நம்மை விட்டுவிடும் என்று மறைப்பதும் கூடவே கூடாது.

உச்சி கண்ணுக்கெதிரே தெரியும்போது ஒருவரால் உண்மையிலேயே திரும்ப முடியுமா?

முடியும். சுவீடனைச் சேர்ந்த யோரான் குரோப் தம் நாட்டிலிருந்து சுமைகளோடு மிதிவண்டியிலேயே நேபாளம் வந்து, 1996 மே தொடக்கத்தில் தனியாக, சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் ஏறினார். உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டரே மீதி இருந்தது. தொடையளவு பனியில் வழி வெட்டிக்கொண்டு வந்ததில் நேரம் கடந்துவிட்டது. மேலே போனால் இருட்டில் இறங்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுத் திரும்பினார். அடுத்த வாரம் வந்த புயலில் எட்டுப் பேர் இறந்தபோது அவர் கீழே இருந்தார். மே 23 அன்று மறுபடி ஏறி, சிலிண்டர் இல்லாமலே உச்சியை அடைந்து, தம் கால்களால் நடந்து கீழே வந்துசேர்ந்தார்.